மூன்றாம் வகுப்பும் ஒரு பாலிடெக்னிக்கும்



நம்ம பக்கத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்து டிப்ளமோ படிக்கிறேன் என்று சொன்னாலும், பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். ஜி.டி. நாயுடு என்ன படித்தார், எந்தக் காலேஜுக்குப் போனார் என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. நாமும் சிரித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவோம்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப் பாடம் போச்சு. டிராயிங் போகிற மாதிரி வந்து பாஸ். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு. பன்ருட்டியிலிருந்து பலாப்பழமும், சீசன் இல்லாத நாளில் செங்கல்லும் ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவர் ஆனவர். அவரிடம் போய், படிப்பு வேண்டாம், உங்களோடு வண்டியில் வருகிறேன் என்று சொல்லத் தீர்மானித்தேன். நாயுடுவே படிக்கவில்லை, நான் படிச்சு என்ன என்பது என் வாதம். அந்த வாதத்துக்கு ஆதாரம் தேடித்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது வாதம் என் பக்கம் நிற்கவில்லை. அது ஏன் என்று உங்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோயமுத்தூர் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் படிப்போடு, அதாவது மூன்றாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தோட்ட வேலைக்கு வந்துவிட்டார். இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொண்டால் டீக்கடைப் பெரியவர் சொல்வது சரிதான். ஆனால் கதையே இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

அந்தக் காலத்தில் கிராமத்துக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தாராம். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியை அந்தப் பையன் அதுவரை பார்த்ததில்லை. மற்ற பிள்ளைகள் வண்டி பின்னால் ஓடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவருக்கு மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி ஒட்டிக்கொண்டது. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். சேர்த்த காசில் ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் காரியம், அதைக் கழற்றியது. கழற்றிக் கழற்றி மாட்டினார். எந்தப் பல்சக்கரம் எதைத் திருப்புகிறது, பெட்ரோல் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்ணாலும் கையாலும் தெரிந்துகொண்டார். ஒர்க்ஷாப், லெக்சர், லேப் மேனுவல் மூன்றும் அவருக்கு அந்த ஒரு வண்டிதான்.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். ஒன்பதாவது படிக்கும்போது மாமாவின் பழைய மொபெட்டில் கார்புரேட்டரைக் கழற்றினேன். கழற்றியது பத்து நிமிஷம். மாட்டியது ஒரு பகல். மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது! அதைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன். வண்டி ஸ்டார்ட் ஆகி, வீதி முனையில் நின்றுபோச்சு. அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. பையில் இருப்பதை எடு என்று கையை நீட்டினார். கழற்றும்போதே கோணியை விரித்து வரிசையாக வைக்க வேண்டும், மாட்டும்போது கடைசியில் வைத்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அன்று சொல்லிக் கொடுத்தார். நாயுடுவும் ஏதோ ஒரு தடவை ஒரு ஸ்க்ரூவை மிச்சம் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், அவர் அதை ஒளித்து வைத்திருக்க மாட்டார்.

ஒரே ஒரு பஸ்

நாயுடு உடனே பெரிய ஆளாகிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூர்ப் பக்கம் பருத்தித் தொழிலில் இறங்கி நல்ல காசு பார்த்தார். அந்தத் தெம்பில் பம்பாய்க்குப் போய் பருத்தி வியாபாரம் செய்து அத்தனையையும் விட்டார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இதைப் பல பேர் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததற்கே நான் மூட்டை கட்டத் தயாரானேன். அவர் வைத்திருந்ததெல்லாம் போன பிறகும் மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தார்.

கோவையில் ஸ்டேன்ஸ் துரை என்று எல்லோரும் சொல்லும் ராபர்ட் ஸ்டேன்ஸ், நாயுடுவின் கைத்திறனை அறிந்தவர். அவர் செய்த உதவியால் ஒரு பஸ் கைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டு அந்த ஒற்றைப் பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ரிப்பேர் வந்தால் மெக்கானிக்கும் அவரே.

இன்றைக்கு நாம் கடலூரில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் சிதம்பரம் வந்துவிடுகிறது. 1920-இல் அப்படி இல்லை. தார் போட்ட ரோடு அபூர்வம். மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தில்தான் பஸ்ஸும் போக வேண்டும். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சேறு. செல்ஃப் ஸ்டார்ட்டரை நம்ப முடியாது, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கும், வழியில் கிணறு தேட வேண்டும். வழியில் போன் கிடையாது, ஒர்க்ஷாப் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. போகிற வண்டியே ஒர்க்ஷாப்பாகவும் இருக்க வேண்டும். இன்றைக்கு வெளிநாட்டில் காடு மலை பாலைவனம் என்று கிளம்புகிறவர்கள் லாரி மேல் வீடு கட்டிக்கொண்டு, தண்ணீர், அடுப்பு, படுக்கை, டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அந்தக் காலத்து பஸ்காரருக்கு அது தினசரிப் பிழைப்பு.

ஒன்று பலவாகி, யு.எம்.எஸ். என்ற பெயரில் அந்த நிறுவனம் நாட்டிலேயே மிக ஒழுங்காக நடக்கும் பஸ் சர்வீஸ்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. நேரந்தவறாமைக்கு நாயுடு பேர் போனவர்.

நேரத்துக்கு வருகிற பஸ் எங்கே உருவாகிறது?

நாம் நினைப்பது, நேரத்துக்கு வண்டி வர வேண்டுமானால் டிரைவர் வேகமாக ஓட்ட வேண்டும் என்று. அப்பாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். காலையில் நேரத்துக்கு வருகிற வண்டி, முந்தின நாள் ராத்திரி ஷெட்டில் உருவாகிறது. ஆயில் அளவு பார்த்து, நிப்பிள் தவறாமல் கிரீஸ் அடித்து, ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, டயரைத் தட்டிக் காற்றுப் பார்த்து நிறுத்தின வண்டி காலையில் மக்கர் பண்ணாது. அப்பா ஸ்பானரால் ஸ்பிரிங் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். நல்ல பிளேட் கணீர் என்று சொல்லும். விரிசல் விட்ட பிளேட் சத்தம் மழுங்கிப் போயிருக்கும். மெட்டலர்ஜி பாடத்தில் விரிசலைக் கண்டுபிடிக்கும் முறைகளை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தபோதுதான், அப்பா இத்தனை வருஷமாக அதில் ஒன்றைப் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு உறைத்தது.

ஒரு பஸ்ஸை ஒரு மனிதர் தன் நினைவிலேயே பராமரித்துவிடலாம். பல பஸ்ஸை அப்படிப் பராமரிக்க முடியாது. அதற்குக் கணக்கு வேண்டும், முறை வேண்டும், நேரம் எழுதிய பலகை வேண்டும். நாயுடு ஒரு நல்ல மெக்கானிக் மட்டும் இல்லை. மெக்கானிக் கையில் இருந்த வித்தையை ஒரு நிறுவனத்தின் பழக்கமாக மாற்றியவர். அங்கேதான் அவர் மற்ற கைத்திறன்காரர்களிடமிருந்து வேறுபட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வண்டிக் கனவு

2015 வெள்ளத்தை நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது நான் சின்னப் பையன். கடலூர்–சிதம்பரம் ரோட்டை ஒட்டி ஓர் இடத்தில் அப்பாவின் லாரி தண்ணீரில் மாட்டி மூன்று ராத்திரி நின்றது. பக்கத்துக் குடிசைகளில் தண்ணீர் ஏறியதும் பிள்ளைகளையும் வயசானவர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். தார்ப்பாய் கூரையானது. டூல் பாக்ஸில் இருந்த ஸ்டவ் அடுப்பானது. டிரைவரும் கிளீனரும் தங்களிடம் இருந்த அரிசியையும் குடிசைக்காரர்கள் தலையில் தூக்கி வந்த அரிசியையும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த மூன்று நாள் அந்த லாரிதான் ஒரு தெருவுக்கே வீடு.

அதை மனசில் வைத்துத்தான் நானும் மூன்று நண்பர்களும் ஒரு புராஜெக்ட் யோசித்தோம். ஒரு பழைய சிறிய லாரியை எடுத்து, சேற்றிலும் தண்ணீரிலும் போகிற மாதிரி, உள்ளே எட்டுப் பேர் தங்கி, சமைத்து, படுக்கிற மாதிரி மாற்ற வேண்டும். டிராயிங் ஷீட்டில் அழகாக வரைந்தோம். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி. வெள்ளத்துக்குப் போகிற வண்டி உறுதியாக இருக்க வேண்டும் என்று 4 மில்லிமீட்டர் தகடு போட்டோம். பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, வெயிட் எவ்வளவு வருது என்று மட்டும் கேட்டார். நாலு பேரும் முகத்தை முகம் பார்த்தோம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலு சுவரும் கூரையும் சேர்ந்து 32 சதுர மீட்டர். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் சுமார் 31 கிலோ. ஆக வெறும் தகடே ஆயிரம் கிலோ! சட்டமும் தரையும் 300 என்று வைத்தோம். குடிக்க, சமைக்க 200 லிட்டர் தண்ணீர் என்றால் அது 200 கிலோ. எட்டுப் பேர் ஆளுக்கு 60 என்றால் 480. மொத்தம் 1,980 கிலோ. வண்டி தாங்குவது சுமார் 2 டன். அடுப்பு, அரிசி, பாய், ஸ்டெப்னி, ஜாக்கி இன்னும் ஏறவே இல்லை. சேற்றில் கால் வைத்ததுமே அச்சு வரை இறங்கிவிடும் வண்டியைத்தான் நாங்கள் வரைந்திருந்தோம். தகட்டை 1 மில்லிமீட்டர் ஆக்கி, உள்ளே சட்டத்தைச் சரியான இடத்தில் கொடுத்தால் தகட்டின் எடை 250 கிலோவில் முடிகிறது. நான் கோட்டை விட்ட அதே கணக்குப் பாடம்தான் இங்கே வண்டியைக் காப்பாற்றியது, தோழர்களே.

அடுத்த தப்பு, பெட்டியைச் சேஸிஸ் மேல் நாலு மூலையிலும் இறுக்கிப் போல்ட் போட்டிருந்தோம். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். அது முறுக்குவதற்காகவே செய்யப்பட்டது. மேலே இருக்கிற பெட்டி முறுக்காது. அப்போது ஒன்று வெல்டிங் விடும், இல்லை போல்ட் அறும். அதனால் ஒரு பக்கம் இரண்டு இடத்தில் பிடித்து, மறுபக்கம் நடுவில் ஒரே இடத்தில் அசைகிற மாதிரி பிடிக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட்டுக்குக் கீழே ஸ்பிரிங் கொடுக்க வேண்டும். மர பாடி கட்டிய காலத்தில் மரத்துக்கே கொஞ்சம் வளைகிற குணம் இருந்தது. நாம் இரும்புக்கு மாறினபோது அந்த வளைவை வேறு வழியில் கொடுக்க வேண்டியதாகிறது.

இன்னும் சில விஷயங்களை டிராயிங்கில் திருத்தினோம். தண்ணீர் டிரம்மைக் கூரையிலிருந்து இறக்கி, இரண்டு அச்சுக்கும் நடுவே தாழ வைத்தோம், வண்டி சாயாமல் இருக்க. காற்று உறிஞ்சும் குழாயை உயர்த்தினோம். தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ் அடுப்பு வைக்கிற இடத்தில் தரையை ஒட்டி ஓட்டை கொடுத்தோம், ஏனென்றால் அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு கிரவுன் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வண்டி இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அது ஓடக்கூடிய வண்டி.

தொட்ட துறைகள்

நாயுடுவுக்கு வருகிறேன். பஸ்ஸோடு நின்றிருந்தால் அவரைப் பணக்கார முதலாளி என்று மட்டும் ஊர் நினைவில் வைத்திருக்கும். 1937-இல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து கோவையில் மின் மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்குக் கோவை என்றாலே பம்ப் செட்டும் மோட்டாரும் என்று ஆனதற்குப் பின்னால் அந்த முயற்சியும் இருக்கிறது. நம்ம நெய்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் போர்வெல்லில் ஓடுகிற மோட்டாரின் முகவரித் தகட்டைப் பாருங்கள், அநேகமாகக் கோயமுத்தூர் என்றுதான் இருக்கும்.

பாட்டரியில் ஓடும் முகச்சவர ரேசர், மிக மெல்லிய பிளேடு, கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளுகிறது. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். படம் பிடிப்பதிலும் ஆசை. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். விவசாயத்தையும் விடவில்லை, பருத்தியிலும் பப்பாளியிலும் புது முயற்சிகள் செய்தார். இந்தியாவின் எடிசன் என்ற பட்டப் பெயர் சும்மா வரவில்லை. எல்லாவற்றிலும் வெற்றி என்றும் சொல்ல முடியாது. 1936-இல் தேர்தலில் நின்று தோற்றார். இதுவும் அவர் வாழ்க்கைதான்.

1952-இல் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் கார் அவரிடமிருந்து வந்தது. விலை 2,000 ரூபாய். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சின்னக் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கார்! ஆனால் அதைப் பெரிய அளவில் தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றுபோனது. வரியும் லைசென்ஸும் தொழிலை நசுக்குகின்றன என்ற கோபம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எதிர்ப்பைக் காட்டத் தான் செய்த பொருட்களைத் தானே பொதுவில் உடைத்தவர் அவர். செய்த கைக்கே உடைக்க மனசு வந்தது என்றால், உள்ளே எவ்வளவு வேதனை இருந்திருக்கும்! நமக்கு ரெக்கார்ட் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னாலே மனசு வலிக்கிறது.

பாலிடெக்னிக் தந்த மனிதர்

இப்போது என் வாதத்தைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். 1944-இல் பஸ் தொழிலின் அன்றாடப் பொறுப்பிலிருந்து நாயுடு விலகிக்கொண்டார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலம், ஒடுக்கப்பட்டவர்களுக்கு உதவி என்று கொடைகளை அறிவித்தார். 1945-இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியும் வந்தன. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தக் கல்லூரிதான் பின்னால் இடம் மாறி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது நாம் ஜி.சி.டி. என்று சொல்கிற கல்லூரி ஆனது. கல்லூரி போன பிறகும் அவிநாசி ரோட்டில் அந்த இடத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், கையில் காசு வந்ததும் பாலிடெக்னிக் வர வழி செய்தார்! படிப்பு வீண் என்று நினைத்திருந்தால் அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? மற்றவர்கள் தன்னைப் போல மோட்டார் சைக்கிளைக் கழற்ற ஓட்டலில் வருஷக்கணக்கில் தட்டு எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். இது என் யூகம்தான். ஆனால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அவருக்குக் கல்வி முறையோடு சண்டை இருந்தது உண்மை. நாலு வருஷம் இழுத்துச் சொல்லிக் கொடுப்பதை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், மிச்ச நாள் வீண் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நம்ம ஹாஸ்டலில் ராத்திரி முழுக்கப் பேசலாம். என் கருத்தைச் சொல்கிறேன். வேலையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் ஏறும் என்பதில் அவர் சரி. நாங்கள் வண்டிக்கு எடைக் கணக்குப் போட்ட ஒரு சாயங்காலம், ஒரு யூனிட் முழுக்க மண்டையில் ஏறியது. ஆனால் அவர் வேகம் எல்லோருக்கும் வராது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல், ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் தேடிக்கொண்டே படிக்கிற என் மாதிரி ஆளுக்கு அந்தக் கூடுதல் நாட்கள் தேவைதான். இந்த ஒரு இடத்தில் அந்தப் பெரியவரோடு நான் வேறுபடுகிறேன். அவர் இருந்திருந்தால் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நமக்கு என்ன?

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி நாயுடு மறைந்தார். வயது 80. அவர் செய்தவையும் சேர்த்தவையும் கோவையில் அவர் பெயரிலான பொருட்காட்சியில் இருக்கின்றன. பழைய கார்களுக்கு என்றே ஒரு மியூசியமும் அங்கே இருக்கிறது. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். புழுதித் தடத்தில் ஒற்றைப் பஸ் ஓட்டியவர் பேரில் பத்துக் கிலோமீட்டருக்குப் பாலம்!

இனிமேல் டீக்கடைப் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் வைத்திருக்கும் பதில் இதுதான். நாயுடு பள்ளிக்கூடத்தைத்தான் விட்டார், படிப்பை விடவில்லை. அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பாடப் புத்தகமாக இருந்தது. நமக்குப் புத்தகமும் இருக்கிறது, மோட்டார் சைக்கிளும் இருக்கிறது, கேட்டால் சொல்லித்தர வாத்தியாரும் இருக்கிறார். அவர் கெட்டிக்காரத்தனத்தோடு ஒரு ஸ்டேன்ஸ் துரையின் உதவியும் சேர்ந்தது. எல்லாக் கெட்டிக்காரர்களுக்கும் ஒரு ஸ்டேன்ஸ் கிடைப்பதில்லை. கடலூர் லாரி ஷெட்டுகளில் நாயுடு மாதிரிக் கை உள்ள எத்தனையோ பேர் கிளீனராகவே காலத்தை முடித்திருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர் என்று நான் சொன்னால் மகன் என்பதால் சொல்கிறேன் என்பீர்கள். பரவாயில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஸ்டேன்ஸ் இடத்தில் நிற்பது இந்த டிப்ளமோதான். ஒரு பஸ்ஸைக் கையில் கொடுத்து, ஓட்டிப் பார் என்று சொல்கிற கடன் அது. ஓட்டுவது நம்ம பாடு.

லாரியில் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லப் போன கதை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சொல்லவே இல்லை. அட்மிஷன் ஃபாரத்தில் தகப்பனார் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதக் கூச்சப்பட்டு, சின்ன எழுத்தில் எழுதினவன் நான். இந்த வருஷம் ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் அதையே நல்ல பெரிய எழுத்தில் எழுதினேன். கணக்குப் பேப்பரை ஏப்ரலில் மறுபடி எழுதினேன், பாஸ். தகட்டின் எடையை மனசில் வைத்துக்கொண்டு எழுதினேன் என்றால் நம்புங்கள்.

புராஜெக்ட்டுக்கு ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஒருவரும், எலக்ட்ரிகலில் இருந்து ஒருவரும் சேர்ந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வேலை. டீயும் வடையும் எங்கள் செலவு. கழற்றுகிற எல்லாவற்றையும் கோணி விரித்து வரிசையாக வைக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. வாருங்கள், சேர்ந்து செய்வோம்!